ஒரே ரிமோட்டுக்குக் கண்ணடித்த கார்கள்

கார் பூட்டு வேலையில், திறக்க வேண்டிய கதவு திறக்காவிட்டால் திட்டோடு போய்விடும். திறக்கக் கூடாத கதவு திறந்துவிட்டால்தான் பழி வரும். இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். ஒயர், மோட்டார் பற்றிச் சொல்லும்போது ஒரு வார்த்தை மாறினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்று நானே பார்த்துவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி, அவரவர் பேசியதைப் பேசியபடி எழுதப் பார்க்கிறேன்.

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சீட் கவர், மேட், ஹார்ன் எல்லாம் விற்போம். ஆனால் எங்களைத் தேடி வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பழைய கார் வைத்திருப்பவர்கள். ஒவ்வொரு கதவாகச் சாவி போட்டுத் திறக்கிற காரை, பட்டனை அமுக்கினால் நாலு கதவும் 'டக்' என்று திறக்கிற காராக மாற்றித் தருவோம். முதலாளி ஸ்ரீநிவாஸ் தெலுங்குக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். வேலை செய்வது கரீம் பாய். இந்த ஊர்க்காரர், என்னோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். அவருக்கு நான் பாஜி, அதாவது உருதுவில் அக்கா. கையில் சாவியை வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவியைத் தேடியவர்கள் உங்களில் இருந்தால் என் கஷ்டம் புரியும். நானும் அந்தக் கட்சிதான். என்னை நம்பித்தான் ஊரார் சாவியைக் கொடுத்து வைத்தார்கள்.

கதவுக்குள் ஒரு கம்மல்

தேவசகாயம் அங்கிள் எங்கள் சபைக்காரர், பேங்க்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவருடைய காருக்குப் பதினெட்டு வயது. போன வருஷம் அதற்கு ரிமோட் போட வந்தார். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் வைக்க வேண்டும். அதற்குக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றும் ஸ்க்ரூக்கள் உருண்டு ஓடாமல் நான் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கதவுக்குள் கையை விட்ட கரீம் பாய், ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இரண்டு பேனா மூடி, ஒரு ஹேர்பின், ஒரு துருப்பிடித்த எட்டணா, அப்புறம் அழுக்கு உருண்டை மாதிரி ஒன்று. அதைத் துணியால் துடைத்தால், சிவப்புக் கல் வைத்த தங்கக் கம்மல்! கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக விழுந்திருக்கிறது. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

அங்கிள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஆண்ட்டிக்குப் போன் போட்டார். ஆண்ட்டி கத்தியது எனக்கே கேட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த அன்றைக்குக் காணாமல் போன கம்மல். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவள் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவள் கேட் வாசலில் நின்று அழுதிருக்கிறாள், அன்றோடு வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நான் பொறுக்க முடியாமல், "அங்கிள், அந்தப் பொண்ணைத் தேடிப் பிடிச்சுச் சொல்லிடணும். பேரு என்ன, எந்தப் பக்கம் வீடு?" என்றேன். அவர் கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அவ பேரு எனக்கு ஞாபகம் வரலையே ஸ்டெல்லா!"

பிஸ்கட் டின்

ஒரு செட் வாங்கினால் நாலு மோட்டார், ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டுகிற ஒரு கறுப்பு டப்பா, இரண்டு ரிமோட் வரும். வேலை முடிந்ததும் அங்கிள் ஒரு ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, "இன்னொண்ணு உங்கிட்டயே இருக்கட்டும். வீட்ல வெச்சா ரெண்டும் சேர்ந்து தொலையும்" என்றார். கம்மல் விஷயத்துக்கு அப்புறம் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. அடுத்து எங்கள் ஐயரம்மா, அதாவது சபை குருவானவரின் மனைவி, ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். தமிழ் பேசுகிற அம்மா இருக்கிற கடை என்று தேடி வருகிற புது ஆட்களும் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் பெயர் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். ஒரு வருஷத்தில் பதினாறு சேர்ந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பாதி வார்த்தைதான் பேசுவார். பதினாறு கார் என்னை நம்பி நிற்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஒண்ணு காணாமப் போனா பதினாறு பேரும் யார் மூஞ்சியப் பாப்பாங்க?"

ஆட்டோக்காரரின் தூக்கம்

ராஜசேகர் சார் மதுரைக்காரர். அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் பிசிக்ஸ் எடுக்கிறார். அவர் காரை முடித்த அன்று கரீம் பாய்க்கு நோன்பு. இஃப்தாருக்கு வீடு போகிற அவசரத்தில், பின்பக்க இடது கதவு மோட்டாரில் நீல ஒயரையும் பச்சை ஒயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். மூன்று கதவு பூட்டினால் அந்த ஒரு கதவு மட்டும் திறந்துகொள்ளும். 'டக்' சத்தம் மட்டும் ஒழுங்காக வரும். சார் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளாசுக்குப் போய்விடுவார். மெட்ரோ தூணுக்குக் கீழே நாலு நாள் அந்தக் கார் திறந்தே கிடந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் ஒரு கிளாஸ் சீக்கிரம் முடிந்து வந்து பார்த்தால், பின் சீட்டில் ஒரு ஆட்டோக்காரர் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்! எதுவும் திருட்டுப் போகவில்லை, நல்லவேளை. சார் கடைக்கு வந்து இதைச் சொன்னதும் நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். சார் இன்னும் அந்த அதிர்ச்சியிலேயே இருந்தார்:

"எழுப்பினா என்ன கேக்கறான் தெரியுமா மேடம்? 'அதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிருச்சா சார்?'ங்கறான்!"

உள்ளே குழந்தை

ஏப்ரல் மாதம், மத்தியான வெயில். கிருத்திகா என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்தவரிடம் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். ரிமோட் மாட்டி முடித்து, ஏசியைப் போட்டு, இரண்டு வயதுக் குழந்தையை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கேரண்டி அட்டையை வாங்க இரண்டு எட்டு வைத்துக் கடைக்குள் வந்தாள். சாவி வண்டியில் தொங்குகிறது. சாவியோடு ரிமோட்டும் தொங்குகிறது. இன்னொரு ரிமோட் அவள் கைப்பையில், கைப்பை காருக்குள். குழந்தை எட்டிப் பிடித்து அமுக்கியது. டக்.

முதலில் சிரித்தோம். "பாப்பா, மறுபடியும் அமுக்கு" என்று கண்ணாடியைத் தட்டினோம். அது அமுக்கும், திறக்கும், நாங்கள் கைப்பிடியைத் தொடுவதற்குள் மறுபடி அமுக்கிவிடும். அப்புறம் ரிமோட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையம் கழன்று ரிமோட் சீட்டுக்கடியில் விழுந்தது. கூடவே சாவியும் திரும்பி என்ஜின் நின்றது. ஏசி இல்லை. குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. கரீம் பாய் இரும்பு ஸ்கேலைக் கண்ணாடி இடுக்கில் விட்டுத் துழாவினார். ஸ்ரீநிவாஸ் சுத்தியலைத் தேடி ஓடினார். கிருத்திகா வெறும் கையாலேயே கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் தெரியாது. ஓடிப்போய் பிஸ்கட் டின்னை எடுத்துவந்து, யார் யாருடைய ரிமோட்டையோ ஒவ்வொன்றாக அந்தக் காரைப் பார்த்து அமுக்கினேன். ஐந்தாவதை அமுக்கினேன். டக்! நாலு கதவும் திறந்தது. கிருத்திகா குழந்தையை வாரி எடுத்து என் தோளில் சாய்ந்து அழுதாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கரீம் பாய் மட்டும் தட்டவில்லை. என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, பிளாஸ்டரில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டார்:

"பாஜி, இது தேவசகாயம் அங்கிளுது. அவரு கார் இங்க நை, இல்ல. பின்ன இது ஏன் திறந்துச்சு?"

சபை வளாகத்தில்

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிளின் ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. முடிந்ததும் எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க, நான் கார்கள் நிற்கும் பக்கம் போய், பைக்குள்ளேயே கையை விட்டு அமுக்கினேன். அங்கிள் கார் விளக்கைச் சிமிட்டியது. அதற்கு இரண்டு கார் தள்ளி நின்ற ஒன்றும் சிமிட்டியது. எதிர் வரிசையில் ஒன்று. மரத்தடியில் ஐயருடைய கார். அன்றைக்கு நாலு கார், ஒரே அமுக்கில்.

மறுபடி அமுக்கிப் பூட்டக்கூடப் பயம், அமுக்காமல் விடவும் பயம். ஒரு வழியாகப் பூட்டுகிற பட்டனைத் தேடி அமுக்கினேன். நாலும் மறுபடி சிமிட்டின. பின்னாலேயே ஐயரம்மா வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தில் பயமும் பக்தியும் சரிபாதி:

"ஸ்டெல்லா, எங்க கார் தானா கண்ணடிச்சுது பாத்தியா? ஐயர்கிட்டச் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லணும்!"

மூன்று பேர்

திங்கட்கிழமை கரீம் பாய் விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ரிமோட்டுக்குள்ளே ஒரு நம்பர் இருக்கும், டப்பாவுக்குள்ளும் அதே நம்பர் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். போன வருஷம் ஸ்ரீநிவாஸ் விலை குறைவு என்று ஹோல்சேலில் எடுத்த சரக்கில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஒரே நம்பரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அந்தந்தக் காரின் ரிமோட்டை அந்தந்தக் காரில் அமுக்கிப் பார்த்து, வேலை செய்கிறது என்று அனுப்பிவிட்டோம். இன்னொருவர் ரிமோட்டை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? டின்னில் இருந்த பதினாறில் ஏழு ஒரே நம்பர்.

ஸ்ரீநிவாஸ் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். "எவரிகீ செப்பொத்து அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். சொல்லாமல் இருந்தால் எப்படி என்று கேட்டேன். அவர் எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"திருடனுக்கே தெரியாது அக்கா. நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் என்ன பயம்?"

சர்ட்டிஃபிகேட் ஃபைல்

இரண்டு வாரம் போயிருக்கும். ராஜசேகர் சார் கடைக்குள் வந்தார். எப்போதும் "வணக்கம் மேடம்" என்று வருகிறவர் அன்றைக்கு வணக்கம் சொல்லவில்லை. பின் சீட்டில் வைத்திருந்த ஃபைலைக் காணோம். பத்தாவதிலிருந்து எம்.எஸ்ஸி. வரை எல்லா ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டும் அதில் இருக்கிறது. இந்த வாரம் ஒரு காலேஜ் வேலைக்கு அதைக் காட்ட வேண்டும். "கண்ணாடி உடையல. பூட்டு உடையல. என் ரிமோட் என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கு" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நீங்க எங்க இருந்தீங்க?"

பன்னிரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. டின்னைத் திறந்து அவருடைய ரிமோட்டை எடுத்துக் காட்டினேன். ஸ்ரீநிவாசுக்கு அந்த நிமிஷம் பார்த்து முக்கியமான போன் வந்து வெளியே போய்விட்டார். கரீம் பாய்தான், "பாஜி மேலயா? நக்கோ சார், அப்படிச் சொல்ல வேணாம்!" என்று ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்தார். உங்கள் காரைத் திறக்க டின்னில் இன்னும் ஆறு ரிமோட் இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நானே என் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்ட மாதிரி ஆகும். சொல்லவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து என் கைப்பையை நானே இரண்டு தடவை கொட்டிப் பார்த்தேன், யாராவது ஏதாவது போட்டிருப்பார்களோ என்று.

மறுநாள் ஃபைல் கிடைத்துவிட்டது. அவர் மனைவியே, பிளாஸ்டிக் உறை போடலாம் என்று காரிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். சார் இதைச் சொல்வதற்காக வரவில்லை, மொபைல் ஸ்டாண்டு வாங்க வந்தார். ஸ்டாண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்:

"உங்க மேல சந்தேகமெல்லாம் படல மேடம். சும்மா கேட்டு வெச்சேன்."

பதினேழு போன்

அவர் போனதும் நான் யாரிடமும் கேட்கவில்லை. பில் புத்தகத்தை எடுத்து நம்பர்களைப் பார்த்து, டின்னில் ரிமோட் இருந்த பதினாறு பேருக்கும் கிருத்திகாவுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். உளறிவிடுவேன் என்று பயந்து, சொல்ல வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி வைத்துப் படித்தேன்: "உங்க காரை இன்னொருத்தர் ரிமோட்டும் திறக்கலாம். தப்பு எங்க கடைச் சரக்குல. கடைக்கு வாங்க, மாத்தித் தர்றோம். அதுவரைக்கும் காருக்குள்ள எதையும் விட்டு வைக்காதீங்க." ஐயரம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது கர்த்தர் காட்டிய அடையாளம் ஒன்றும் இல்லையே என்று. கிருத்திகா, "அக்கா, அந்தத் தப்பு இல்லேன்னா என் குழந்தை என்ன ஆயிருக்கும்?" என்று போனிலேயே அழுதாள். ராஜசேகர் சார், "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஸ்ரீநிவாஸ் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டின்னில் ஒரே நம்பராக இருந்த ஏழும் கிருத்திகாவுடையதுமாக எட்டு கார்கள் வரிசையாக வந்தன. கரீம் பாய் வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொன்றிலும் டப்பாவை மாற்றினார். மாற்றி முடித்த ஒவ்வொரு காரையும் சுற்றி நின்று, மற்ற எல்லாருடைய ரிமோட்டையும் அமுக்கிப் பார்த்தோம். எதுவும் அசையவில்லை. அப்புறம் அவரவர் ஸ்பேர் ரிமோட்டை அவரவர் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினேன். பதினாறு கையெழுத்து. கடைசிக் கார் போனதும் ஸ்ரீநிவாஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கே நம்ப முடியவில்லை:

"அடிக்க வருவாங்கன்னு நெனச்சேன் அக்கா. நாலு பேர் சீட் கவரும் மாத்திட்டுப் போறாங்க!"

இப்போதெல்லாம் யாராவது, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்று ரிமோட்டை நீட்டினால், அதைத் தொட்டுவிடாமல் இருக்க நான் இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிடுகிறேன், அவர்களும் நான் ரொம்ப மரியாதை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.